முழு முயலைத் தின்ற பூனைகள்: டேவிஸ் ஆய்வும் வீட்டில் கலக்கும் பச்சை உணவும்

பூனைக்குப் பச்சைக் கறி கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ சொல்வதற்கு முன்னால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த முயல் ஆய்வைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பச்சை உணவை ஆதரிப்பவர்கள் அந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் தன் கையால் பூனைக்குக் கறி கலக்குகிறவருக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

ஆய்வில் நடந்தது

டேவிஸின் கால்நடை மருத்துவப் பள்ளிக் குழு செய்த ஆய்வு இது. அறிக்கை 2002-ல் வந்தது. அவர்கள் பார்க்கப் புகுந்தது இதயத்தை அல்ல, குடலை. பூனைகளுக்கு வரும் நாள்பட்ட குடல் அழற்சியில் உணவுக்கு என்ன பங்கு என்பதே கேள்வி. 22 பூனைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 11 பூனைகளுக்குக் கடையில் விற்கும் உயர்ரகத் தீவனம். மற்ற 11 பூனைகளுக்கு முழு முயலை எலும்பு, உள்ளுறுப்போடு அரைத்துப் பச்சையாகக் கொடுத்தார்கள். சேர்க்கை எதுவும் கிடையாது. காட்டில் ஒரு பூனைக்கு முயல் கிடைத்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி.

ஒரே வாரத்துக்குள் முயல் தின்ற பூனைகளின் மலம் கெட்டிப்பட்டது, நாற்றமும் குறைந்தது. தினமும் மணல் தட்டை அள்ளுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். உணவை விரும்பித் தின்றன. போகப் போகப் பார்வைக்கும் கடைத் தீவனக் குழுவைவிட இவையே ஆரோக்கியமாகத் தெரிந்தன. அறிக்கை இந்த இடத்தில் முடிந்திருந்தால் பச்சை உணவுக்கு அதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

பத்து மாதம் ஆனபோது முயல் குழுவில் ஒரு பூனை திடீரென்று செத்துப்போனது. காரணம் டைலேட்டட் கார்டியோமயோபதி. இதயத் தசை வலுவிழந்து, அறைகள் விரிந்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் நோய். அதற்கும் பின்னால் இருந்தது டாரின் என்ற சத்தின் கடும் பற்றாக்குறை. மீதமிருந்த முயல் குழுப் பூனைகளையும் சோதித்தார்கள். அவற்றில் 70 சதவீதத்துக்கு டாரின் குறைவால் இதயத் தசையில் மாற்றம் தொடங்கியிருந்தது. வெளியில் ஓர் அறிகுறியும் இல்லை. உணவில் டாரின் சேர்த்துத்தான் நிலைமையைத் திருப்ப வேண்டியிருந்தது.

வீட்டு உணவு கொடுப்பவர்கள் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது ரோமத்தையும் மலத்தையும்தான். "பாருங்க, எப்படி மினுமினுக்குது!" மினுமினுப்பது உண்மை. தரமான புரதமும் கொழுப்பும் கிடைத்தால் ரோமம் பளபளக்கும். மாவுச்சத்து இல்லாத, முழுக்கச் செரிக்கிற உணவென்றால் மலம் குறையும். ஆனால் இதயமும் விழித்திரையும் எலும்பும் மில்லிகிராம் கணக்கில் கேட்கிற சத்துகள் வேறு. அவை இல்லாமல் ஒரு பூனை மாதக்கணக்கில் நன்றாகத் தின்று, விளையாடி, பளபளப்பாகவே இருக்க முடியும். டேவிஸில் அதுதான் நடந்தது.

டாரின் ஏன் தீர்ந்துபோனது

நமக்கும் நாய்க்கும் மற்ற அமினோ அமிலங்களிலிருந்து டாரினை உடலே செய்துகொள்ளும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதிகள் மிகவும் பலவீனம். போதாக்குறைக்கு, பித்த அமிலங்களோடு சேர்க்க நம் உடல் டாரினையும் பயன்படுத்தும், கிளைசினையும் பயன்படுத்தும். பூனைக்கு டாரின் ஒன்றுதான் வழி. இருப்பு குறைந்தாலும் வேறு பொருளுக்கு மாறாது. ஆகவே ஒவ்வொரு வேளை செரிமானத்திலும் பித்தத்தின் வழியாக டாரின் குடலுக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி திரும்ப உறிஞ்சப்படும். ஒரு பகுதியைக் குடல் பாக்டீரியா தின்றுவிடும். அன்றாட இழப்பை அன்றாட உணவுதான் ஈடுகட்ட வேண்டும்.

முயல் இறைச்சியில் டாரின் இயல்பிலேயே குறைவு. எலியின் உடலில் அது மிகுதி. கோழியில்கூட இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு: நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் பல மடங்கு அதிகம். ஓயாமல் உழைக்கும் தசையில் கூடுதல் என்பதால் இதயத்தில் நிறைய. "எலும்பில்லாத பிரெஸ்ட் பீஸ், நல்ல கறி" என்று பூனைக்கு வாங்குகிறவர் டாரின் கணக்கில் கோழியின் மிக ஏழையான பாகத்தை வாங்குகிறார்.

அரைப்பதாலும் ஒரு சங்கடம். முழுத் துண்டில் பாக்டீரியா மேற்பரப்பில் இருக்கும். கைமா ஆக்கினால் உள்ளே வெளியே எங்கும் கலந்துவிடும். கறியிலிருந்து கசியும் சிவப்புத் தண்ணீரோடு கரையும் சத்துகளும் வெளியே வரும். டாரின் தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து உருக்கியபின் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்கள் டாரினையும் சேர்த்தே கொட்டுகிறார்கள்.

இன்னொரு பாடம், ஒரே பிராணியின் இறைச்சியையே வருடம் முழுக்கக் கொடுப்பதில் உள்ள ஆபத்து. வெளியில் திரியும் பூனை ஒரு நாள் எலி, ஒரு நாள் குருவி, ஒரு நாள் பல்லி, வெட்டுக்கிளி என்று மாற்றி மாற்றித் தின்னும். நம் ஊர் வீடுகளில் பால்சோறும் மீன் தலையும் தின்றே பூனைகள் வளர்ந்தன என்பார்கள். வளர்ந்தவை உண்டு, அவற்றின் மீதிச் சாப்பாடு தோட்டத்திலும் ஓட்டுக்கூரையிலும் கிடைத்தது, நாம் அதைக் கணக்கில் எழுதவில்லை. மூன்றாவது மாடி அடுக்ககத்தில் ஜன்னலுக்கு வலை அடித்து வளர்க்கும் பூனைக்கு நாம் தட்டில் வைப்பதைத் தவிர வேறு கதி இல்லை.

இதே தவறு இரண்டு பக்கத்திலும்

டேவிஸ் ஆய்வுக்கு வெகுகாலம் முன்பு, அதே கலிபோர்னியாவில் மன்ரோவியா என்ற ஊரில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் 1932 முதல் 1942 வரை பூனைகளை வைத்துப் பார்த்தார். மூன்றில் இரண்டு பங்கு இறைச்சி, ஒரு பங்கு காய்ச்சாத பால், கொஞ்சம் காட் மீன் ஈரல் எண்ணெய். ஒரு கூட்டத்துக்கு இறைச்சி பச்சையாக, இன்னொன்றுக்கு வேகவைத்து. பச்சை தின்றவை தலைமுறை தலைமுறையாக நன்றாக இருந்தன. வெந்தது தின்றவற்றுக்குத் தாடை குறுகியது, எலும்பு மெலிந்தது, கருச்சிதைவு பெருகியது, மூன்றாம் தலைமுறையோடு வம்சமே தேய்ந்தது. பச்சை உணவுக்காரர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

பாட்டெஞ்சர் காலத்தில் பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்று யாருக்கும் தெரியாது. அது 1975-ல்தான் வெளிவந்தது. டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை அழிவதை ஹேய்ஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகள், டாரின் குறைந்த தாய்ப்பூனைகளுக்குக் கருச்சிதைவும் வளர்ச்சி குன்றிய குட்டிகளும் நேர்வதைக் காட்டின. மன்ரோவியாவில் கண்டவற்றில் பெரும்பகுதிக்கு இது பொருந்துகிறது. கறியை வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைச் சேர்க்காவிட்டால் பூனைக்குக் கிடைப்பது சக்கை.

கடைத் தீவனமும் தப்பவில்லை. 1980-களில் நல்ல பெயர் பெற்ற தீவனங்களையே தின்ற பூனைகள் இதயம் விரிந்து வந்துகொண்டிருந்தன. டேவிஸில் பால் பியான் என்ற இளம் மருத்துவரும் கூட்டாளிகளும் அவற்றின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. 1987-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானபின் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. அந்த வகை இதய நோய் அதோடு அரிதாகிவிட்டது.

வேகவைத்த கறியில் ஒரு முறை, தொழிற்சாலைத் தீவனத்தில் ஒரு முறை, பச்சை முயலில் ஒரு முறை. மூன்றிலும் விழுந்த பள்ளம் ஒன்றே. பச்சையா, வெந்ததா என்ற சண்டையில் இவ்வளவு நேரம் செலவழிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கலவையில் என்ன இல்லை என்பது.

ஒரு கிலோவுக்குக் கணக்கு

டாரின் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆயிற்றா? ஆகாது. டாரினைவிட வேகமாகக் காட்டிக்கொடுப்பது கால்சியம். வெறும் கறியில் கால்சியத்தைப்போல் 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. பூனைக்குத் தேவை கிட்டத்தட்ட சம அளவு. கால்சியம் சற்றுக் கூடுதலாக, 1.1 அல்லது 1.2-க்கு 1. எலும்பில்லாத கறியை மட்டும் தின்னும் குட்டி, ரத்தத்தில் கால்சியத்தைத் தக்கவைக்கத் தன் எலும்பையே கரைக்கும். சில வாரங்களில் நொண்டும். நாற்காலியிலிருந்து குதித்தால் கால் முறியும். நன்றாகக் கொழுகொழுவென்று கறி தின்ற குட்டிக்கு இப்படி வரும்போது வளர்ப்பவர் நம்பவே மாட்டார்.

வளர்ந்த, நோயற்ற பூனைக்கு ஒரு கிலோ அளவில் அடிப்படைக் கலவை இப்படி இருக்கலாம்: எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி, தோலில் பாதியை வைத்துக்கொண்டு, 800 கிராம், கோழி இதயம் 120 கிராம், கோழி ஈரல் 50 கிராம், இரண்டு முட்டையின் மஞ்சள் கரு. இதில் பாஸ்பரஸ் சுமார் 2 கிராம் இருக்கும். முட்டை ஓட்டுப் பொடி ஒரு கிராமில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம். ஆக 6 கிராம் ஓட்டுப் பொடி போட்டால் கணக்கு நேராகும். டாரின் 2 கிராம்.

ஓட்டைக் கழுவி, உள்சவ்வை உரித்து, அடுப்பில் வறண்ட சூட்டில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டு மிக்ஸியில் அரைக்க வேண்டும். அரைத்ததை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுவென்றால் மறுபடி சுற்றிச் சலிக்க வேண்டும். முகப்பவுடர்போல் வழுக்க வேண்டும். கரடுமுரடான ஓடு செரிக்காமல் போய்விடும், கணக்கில் எழுதிய கால்சியம் உடம்பில் சேராது. டாரின் வாசனையற்ற வெள்ளைத் தூள். கைமாவில் நேரே தூவினால் ஒரு மூலையில் கட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிசைந்தால் சீராகப் பரவும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. நகைக்கடைத் தராசுபோல் 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஈரலை 50 கிராமோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூனையால் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ள முடியாது. ஈரல்தான் அதற்கு வாய்ப்பான இடம். ஆனால் ஈரலின் சுவை பூனையைப் பித்துப்பிடிக்க வைக்கும், கொஞ்ச நாளில் வேறு எதையும் தொடாது. 1960-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஈரலையே முக்கிய உணவாகத் தின்ற பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போவதைப் பதிவுசெய்தார்கள். தலையைத் திருப்பி முதுகை நக்கக்கூட அவற்றால் முடியவில்லை. ஆட்டீரலில் வைட்டமின் ஏ கோழி ஈரலைவிட அதிகம். அது பயன்படுத்தினால் பாதிதான்.

மேலே சொன்ன கலவை இன்னும் முழுமை இல்லை. கோழிக்கறியில் மாங்கனீஸ் கிட்டத்தட்ட இல்லை. துத்தநாகமும் தயாமின் என்ற வைட்டமின் பி1-உம் விளிம்பில் நிற்கும். வைட்டமின் ஈ, டி போதாது. பூனையின் தோல் வெயிலில் வைட்டமின் டி செய்யாது என்பதால் பால்கனி வெயில் அதைச் சரிக்கட்டாது. அயோடின் விஷயத்தில் பலர் "கல்லுப்புக்குப் பதில் அயோடின் உப்பு போட்டால் போச்சு" என்கிறார்கள். நம் கடை உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கலவைக்குத் தேவையான சுமார் 150 மைக்ரோகிராமுக்கு 10 கிராம் உப்பு கொட்ட வேண்டும். அவ்வளவு உப்பைப் பூனைக்குக் கொடுப்பது சரியில்லை. இந்த ஓட்டைகளை அடைக்க, வீட்டு உணவில் கலப்பதற்கென்றே செய்த பூனைக்கான வைட்டமின், தாது உப்புக் கலவையை, விலங்கு ஊட்டச்சத்து தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும். அந்தக் கலவையிலேயே கால்சியமோ டாரினோ இருந்தால் மேலே சொன்ன ஓட்டுப் பொடியையும் டாரின் தூளையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வேறு வழியில் இந்தக் கணக்கு நேராவதை நான் பார்த்ததில்லை.

2019-ல் அதே டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் 114 பூனை உணவுச் செய்முறைகளை எடுத்து அலசினார்கள். கோலின் என்ற ஒரு சத்தைத் தவிர மற்ற எல்லாச் சத்தும் சரியாக அமைந்தவை ஐந்தே ஐந்து. ஐந்தும் கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. மஞ்சள் கருவை மேலே விடாமல் சேர்த்ததற்கு அந்தக் கோலினும் ஒரு காரணம். வெள்ளைக் கருவைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். அது பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும். சில செய்முறைகளில் வெங்காயமும் பூண்டும்கூட இருந்தன. இரண்டும் பூனையின் சிவப்பணுவை உடைப்பவை.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது தயாமினை அழித்துவிடும். முற்றிய பற்றாக்குறையில் பூனையின் கழுத்து முன்பக்கம் மடிந்து தலை தொங்கும், பிறகு வலிப்பு. மத்தியோ சூடையோ கொடுப்பதானால் வேகவைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அதுவும் கொஞ்சமாக. மீன் கொழுப்பு கூடக்கூட வைட்டமின் ஈ தேவையும் கூடும்.

கிருமியின் கணக்கு

சத்துக் கணக்கு முழுவதும் சரியாக வந்தாலும் கிருமி தனியாக நிற்கிறது. கறியை மைனஸ் 20 டிகிரியில் சில நாள் உறையவைத்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சாகும். சால்மொனெல்லா என்ற பாக்டீரியா சாகாது. பறவைக் காய்ச்சல் வைரஸும் சாகாது.

இது தொலைவான பயம் இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற ஒரு பூனை எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கி இறந்தது. வீட்டை விட்டு வெளியே போகாத பூனை அது. உணவிலிருந்த வைரஸும் பூனையிடமிருந்த வைரஸும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது. அதே மாதம் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் அது கண்டறியப்பட்டது. பூனை இனத்துக்கு இந்த வைரஸ் மிகக் கொடியது.

இதைப் பார்த்தபின் என் முடிவு தெளிவானது: கோழி, வாத்து, காடை எதையும் இப்போது பச்சையாகக் கொடுக்க நான் சொல்வதில்லை. மேலே உள்ள அதே கலவையில் கறி, இதயம், ஈரல் மூன்றையும் மஞ்சள் கருவோடு கொஞ்சம் தண்ணீரில் மூடிவைத்து உள்வரை வேகும்படி சமைத்து, இறங்கிய சாறு முழுவதையும் சேர்த்துப் பிசைந்து, ஆறியபின் டாரினும் ஓட்டுப் பொடியும் வைட்டமின் கலவையும் போடலாம். டாரினை எப்படியும் வெளியிலிருந்து சேர்க்கத்தான் போகிறோம். ஆகவே பச்சையாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கச் சத்துக் கணக்கில் பெரிய நியாயம் எதுவும் மிச்சமில்லை. மலம் கெட்டிப்படுவது, ரோமம் செழிப்பது ஆகிய நன்மைகளில் பெரும்பகுதி மாவுச்சத்தில்லாத புதிய கறியால் வருபவை; அவை வெந்த உணவிலும் கிடைக்கும். ஒரே நிபந்தனை, வெந்த எலும்பு கூடாது. அது ஊசியாகச் சிதறும்.

குட்டிகள், சினைப்பூனை, சிறுநீரக நோயுள்ள பூனை ஆகியவற்றுக்கு இந்த ஒரு கிலோ கணக்கு பொருந்தாது. அவற்றுக்குத் தனிக் கணக்கை மருத்துவர்தான் போட வேண்டும். 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 130 முதல் 160 கிராம் போதும். வாரா வாரம் எடை பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். பழைய தீவனத்திலிருந்து மாற்ற இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று பட்டினி போடவே கூடாது. பூனை இரண்டு நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

வீட்டு உணவு தொடங்கி ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) வசதி உள்ள கால்நடை மருத்துவமனையில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள், கூடவே கண்ணின் விழித்திரையையும். டாரின் சோதனைக்கு ரத்தம் எடுத்தால் பிளாஸ்மாவோடு (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் திரவம்) நிற்காமல் முழு ரத்தத்தையும் அனுப்பச் சொல்ல வேண்டும். பிளாஸ்மா அளவு கடைசியாகத் தின்ற உணவைப் பொறுத்து ஏறி இறங்கும். போகும்போது கலவையில் போடும் ஒவ்வொரு பொருளையும் கிராம் கணக்கோடு ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.